தடைக்காலத்தில் வந்த இன்னொரு தடை

2025 மே மாதத்தில் ஒரு நாள். பாம்பனில் என் செல்பேசிக் கடையில் உட்கார்ந்து, ஒரு போனின் உடைந்த திரையைச் சூடுகாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, தடை போட்டுவிட்டார்கள்" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தடைதான் ஏப்ரல் 15 அன்றே தொடங்கிவிட்டதே. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. துறைமுகம் முழுக்கப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. இதை ஏன் இவன் புதிதாகச் சொல்கிறான் என்று நிமிர்ந்து பார்த்தேன். கையில் மூன்று போன்கள் வைத்திருந்தான். மூன்றிலும் ஒரே வாசகம்: இந்தக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டுள்ளது.

அவனுக்குப் பின்னால் அவன் தங்கை நின்றாள். ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை. அவள் கையிலிருந்த நான்காவது போனிலும் அதே வாசகம். அண்ணன் முகத்தில் பயம் தெரிந்தது. அவள் அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நிலம் உழுது, விதைத்து, அறுத்து, சந்தையில் விற்று, காசு சேர்க்கும் வகை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து விளையாடுவது. ஒருவர் தோட்டத்துக்கு இன்னொருவர் போகலாம், பொருளும் காசும் கொடுத்து வாங்கலாம். தங்கை அதில் மூன்று ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருந்தாள். எங்கள் வீட்டு முற்றம் முழுக்க மணல். தென்னையும் முருங்கையும் தாங்கும். மற்றதெல்லாம் உப்புக்காற்றில் கருகிவிடும். கத்தரிப் பாத்தியும் சோளக் கதிரும் அவளுக்கு அந்தத் திரையில்தான் கிடைத்தன. தண்ணீர் பாய்ச்ச மறந்தால் வாடும் என்பதால், உறவினர் கல்யாணத்துக்குப் போனாலும் போனைக் கேட்டு வாங்கி ஐந்து நிமிடம் பாய்ச்சிவிட்டுத் தருவாள்.

அண்ணன் கதை வேறு. அவனுக்கு வயது 19. அப்பாவோடு விசைப்படகில் போகிறவன். தடைக்காலத்தில் படகுக்காரர்களுக்கு வலை பொத்துவதும் பலகைக்குச் சாயம் அடிப்பதும்தான் வேலை. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதம் எப்படிப் போதும்? யாரோ ஒரு நண்பன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்: மூன்று பழைய போன்களில் மூன்று கணக்கு திறந்து, திரையைத் தானாகத் தட்டும் செயலியை ஓடவிட்டால், இரவும் பகலும் அறுவடை நடக்கும், சேரும் காசை வெளியே ஒருவர் நிஜப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார். இப்படி மனிதன் இல்லாமல் தானாக விளையாடும் நிரலைத்தான் பாட் என்கிறார்கள். வாரத்துக்கு எண்ணூறு ரூபாய் வந்ததாம். அந்தப் பணத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கியிருக்கிறான். எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. வெனிசுவேலாவில் பணத்தின் மதிப்பு சரிந்த ஆண்டுகளில், அங்கே பலர் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் நாள் முழுவதும் டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை வெளியில் விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். அவர்களில் பலர் பாட் வைத்தவர்கள்கூட இல்லை. சொந்தக் கையால் விளையாடியவர்கள். ஆனாலும் விளையாட்டுக்குள் விலைவாசி குலையும் என்பது உண்மை. காசு அளவில்லாமல் பெருகினால், ஒழுங்காக விளையாடும் ஒரு பிள்ளை ஒரு மாதம் சேர்த்ததற்கு மதிப்பே இல்லாமல் போகும். ஆகவே பாட்களைப் பிடிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பிடிக்கத்தான் வேண்டும்.

தங்கையை ஏன் பிடித்தார்கள்? என் கேள்வி அது ஒன்றுதான்.

இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. கடை போடுவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் சென்னையில், வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வரும் புகார்களையும் மேல்முறையீடுகளையும் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். "உங்கள் கணக்கை மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை" என்ற வரியை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வரி போய்ச் சேரும் இடத்தில் யார் நிற்பார்கள் என்று அன்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது என் கடை வாசலில் நின்றாள்.

முதலில் அண்ணனின் போனை வாங்கினேன். அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷன் என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் விரல் படும் இடத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு விழும். திரையின் மேல் விளிம்பில் எக்ஸ், ஒய் அளவுகளும் விரலின் அழுத்தமும் எண்களாக ஓடும். விளையாட்டு திறக்காது என்பதால், ஒரு வெற்றுப் பக்கத்தின் மேல் அவனுடைய தட்டும் செயலியை ஓடவிட்டேன். எக்ஸ் 540, ஒய் 1712. அழுத்தம் 1. மறுபடி 540, 1712. அழுத்தம் 1. ஐம்பது தடவை பார்த்தேன், ஓர் எண்கூட நகரவில்லை.

பிறகு தங்கையைக் கூப்பிட்டு, அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்து, "இதைத் தட்டிக்கொண்டே இரு" என்றேன். 531, 1698. 552, 1720. 547, 1731. கட்டைவிரல் களைக்கக் களைக்கத் தட்டுகள் வலது கீழ்ப்பக்கமாகச் சரிந்தன. அழுத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் வேறாக இருந்தது. நடுவில் ஒரு முறை நிறுத்தி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

"இடைவெளியை மாற்றி மாற்றித்தானே மாமா வைத்திருந்தேன்" என்றான் அண்ணன். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஒரு நொடியிலிருந்து இரண்டு நொடி வரை ஏதாவது ஒன்று என்று அமைத்திருந்தான். அது போதும் என்று நினைத்துவிட்டான். ஆனால் இயந்திரம் போடும் குலுக்கலில் ஒரு நொடிக்கும் ஒன்றரை நொடிக்கும் இரண்டு நொடிக்கும் சமமான வாய்ப்பு. இரண்டு நொடியைத் தாண்டி ஒரு தடவைகூடப் போகாது. மனிதக் கை அப்படியா? பெரும்பாலும் வேகமாகத் தட்டும். திடீரென்று அம்மா கூப்பிடுவாள், கொசு கடிக்கும், யோசனை வரும். நாற்பது நொடி, நான்கு நிமிடம் என்று ஓர் இடைவெளி விழும். சில ஆயிரம் தட்டுகளைச் சேர்த்து வரைந்து பார்த்தால் இரண்டும் வெவ்வேறு உருவங்கள். ஒன்று சுவர்போல நிற்கும், மற்றது வால் நீண்டு கிடக்கும்.

இதை நிறுவனங்கள் நெடுநாளாக அறிந்திருக்கின்றன. 2006-இல் தைவான் ஆய்வாளர்கள் ராக்னராக் ஆன்லைன் என்ற விளையாட்டை எடுத்துக்கொண்டு, போனுக்குள்ளும் கணினிக்குள்ளும் எட்டிப்பார்க்காமல், விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சர்வருக்கு வந்து சேரும் கட்டளைகளின் நேர இடைவெளியை மட்டும் வைத்தே பாட்களைப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இணைய இணைப்பு மெதுவாகும்போது மனிதர்களின் கையும் தன்னையறியாமல் மெதுவாகிவிடுகிறது. திரையில் பதில் வரும்வரை காத்திருந்து பழகிவிட்ட கை அது. பாட் அப்படிக் காத்திருப்பதில்லை, தன் கணக்கில் தட்டிக்கொண்டே போகிறது. மேகம் கவிந்தாலே சிக்னல் தள்ளாடும் எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் நாளுக்குப் பத்து முறை வெளிப்பட்டிருக்கும்.

இரவு முழுவதும் விளையாடுவதை வைத்துப் பிடிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஓர் அடையாளம்தான். ஆனால் அது மட்டும் போதாது. பாம்பனில் அதிகாலை இரண்டு மணிக்குத் தேநீர்க் கடையில் கூட்டம் நிற்கும். கடலுக்குப் போகும் நாட்களில் பையன்கள் அந்த நேரத்தில்தான் விழித்துப் போனைப் பார்ப்பார்கள். படகு கரையை விட்டுத் தள்ளிப் போனதும் சிக்னல் அறுந்து, அந்தக் கணக்கு மறுநாள் வரை ஊமையாகக் கிடக்கும். திரும்பி வந்தால் தூங்கிவிடுவார்கள். நேரம் தப்பியிருக்கிறது என்பதால் அது இயந்திரம் ஆகிவிடாது. ஒரு கணக்கின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. கொரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினியேஜ், ஏயான், பிளேட் அண்ட் சோல் விளையாட்டுகளின் பதிவுகளை வைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது: ஒருவர் தன்னைத்தானே எவ்வளவு ஒத்திருக்கிறார்? மனிதன் திங்கட்கிழமை செய்ததைச் செவ்வாய்க்கிழமை அப்படியே செய்வதில்லை. பாட் செய்கிறது. அண்ணனின் மூன்று கணக்குகளும் ஒரே நிரலில் ஓடியதால், ஒவ்வொன்றும் தன்னை ஒத்திருந்ததோடு ஒன்றையொன்றும் ஒத்திருந்தன. மூன்று கணக்குகளும் மாட்டிக்கொண்டதற்கு அதுவே போதும்.

போனுக்குள் பார்க்கும் வழிகளும் உண்டு. அவன் வைத்திருந்த தட்டும் செயலி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் அணுகல் வசதியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. எந்தெந்தச் செயலிக்கு அந்த அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதை விளையாட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். கணினி விளையாட்டுகளில் இந்தச் சண்டை மிகப் பழையது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வார்டன் என்ற காவல் நிரல் நம் கணினியில் வேறென்ன ஓடுகிறது என்று பார்க்கிறது என்று 2005-இலேயே எதிர்ப்பு கிளம்பியது. அதன் கண்ணுக்குப் படாமல் தானாக விளையாடும் கிளைடர் என்ற நிரல் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. வழக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2010 டிசம்பரில் தீர்ப்பானது. காவல் நிரலை ஏமாற்றும் கருவியை விற்றது சட்டமீறல் என்றார்கள்.

எனக்குத் தெரிந்தவற்றில் மிக நேர்மையான பொறி, டோட்டா 2 விளையாட்டில் வால்வ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் வைத்தது. ஒழுங்காக விளையாடும் எவருடைய கணினியும் ஒருபோதும் படிக்க வேண்டியிராத ஒரு மூலையில் கொஞ்சம் தகவலை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மறைந்திருப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும் நிரல்கள் மட்டும் போய் அதைத் தொட்டன. 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அப்பாவி தெரியாமல் கால்வைக்க வழியே இல்லாத பொறி அது. அதனால்தான் நேர்மையானது என்கிறேன்.

ஒரே நாளில் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு பாட் கணக்கைக் கண்ட உடனே மூடினால், நிரல் எழுதுகிறவன் எதைச் செய்ததால் மாட்டினோம் என்று உடனே ஊகித்துத் திருத்திவிடுவான். ஆகவே கண்டதையெல்லாம் குறித்துவைத்து, வாரங்கள் கழித்து மொத்தமாக மூடுவார்கள். ரூன்ஸ்கேப்பில் 2011 அக்டோபரில் மொத்தமாக ஒரு பெரிய அடி விழுந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் போயின. அண்ணன் ஏப்ரல் கடைசியிலேயே மாட்டியிருப்பான். செய்தி மே மாதத்தில்தான் வந்திருக்கிறது.

சரி, தங்கை?

ஒரு கணக்கை இன்னொன்றோடு சேர்த்து முடிச்சுப்போடுவதைத்தான் கணக்குகளை இணைப்பது என்கிறார்கள். பாட் வைப்பவன் ஒரு கணக்கை இழந்தால் மறுநாள் வேறொன்று திறப்பான் என்பதால் நிறுவனங்களுக்கு இது அவசியம். 2023 செப்டம்பரில் அதே டோட்டாவில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதியவர்போல நடித்து ஆடுவதற்காக வைத்திருந்த 90,000 துணைக்கணக்குகளை மூடியபோது, ஒவ்வொன்றும் யாருடைய முதன்மைக் கணக்கோடு சேர்ந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

எதை வைத்து இணைக்கிறார்கள்? முதலில் கருவி. முன்பெல்லாம் ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது கருவியின் அடையாள எண் ஒவ்வொரு நிறுவனத்தின் செயலிக்கும் தனித்தனி ஆனது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபின் சாதாரணச் செயலிகள் ஐஎம்இஐ-யைப் படிக்கவே முடியாது. ஆகவே போனின் மாதிரி, திரை அளவு, மொழி, நேர மண்டலம் என்று சிறுசிறு அடையாளங்களைக் கோத்து ஓர் உருவம் செய்துகொள்கிறார்கள். ஆப்பிளில் வேறொரு வசதி: விளையாட்டு நிறுவனம் ஒவ்வொரு கருவிக்கும் ஆம் அல்லது இல்லை என்னும் இரண்டே குறிப்புகளை ஆப்பிளிடம் எழுதிவைக்கலாம். போனை முழுவதும் அழித்துப் புதிதாக்கினாலும் அந்த இரண்டு குறிப்பும் அழியாது.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் எப்படி என்று சொல்லவேண்டும். இங்கே ஒரு போன் ஒருவரிடம் நிற்பதில்லை. அப்பா புதிது வாங்கினால் பழையது அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து தங்கைக்கு, கடைசியில் என் கடைக்கு வந்து, திரை மாற்றி, மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ யாரோ ஒருவர் கைக்குப் போகும். தங்கை வைத்திருந்த போனே அண்ணன் ஓராண்டு வைத்திருந்ததுதான். நான் விற்ற பழைய போன் ஒன்றில் முந்தைய சொந்தக்காரன் செய்த குற்றத்துக்கான குறிப்பு இருந்தால், அதை வாங்கிய பிள்ளை எங்கே போய் முறையிடும்?

அடுத்தது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண். செல்பேசி இணையத்தில் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். முகவரித் தட்டுப்பாட்டால் நிறுவனங்கள் அப்படித்தான் பிரித்துக் கொடுக்கின்றன. வீட்டு வைஃபை என்றால் இன்னும் மோசம். அக்கா வீட்டு வைஃபையில் அந்த வீட்டார் ஐந்து பேரோடு பக்கத்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

இதையெல்லாம் யோசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரே கூரை, கைமாறிய போன், இவ்வளவுதான் தங்கை செய்த குற்றம் என்று முடிவுகட்டினேன். அன்று இரவே அவளை உட்காரவைத்து மேல்முறையீடு எழுதத் தொடங்கினேன்.

எழுதும்போது என் அப்பாவின் வலை நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் நண்டு வலையில் பாதி அறுந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. சில வாரம் கழித்து, வேறொரு கரையில் கிடந்த வலைக் குவியலில் ஒன்று எங்களுடையது என்று அப்பா சொன்னார். மிதவையை மாற்றியிருந்தார்கள், ஈயக் குண்டும் வேறு. அங்கிருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா வலையைத் தரையில் விரித்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஆலையில் இயந்திரம் பின்னிய கண்ணிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு. கிழிந்த இடத்தில் அவர் கையால் பொத்திய கண்ணிகள் ஒன்று சிறியது, ஒன்று பெரியது. அதோடு, அப்பா இடதுகைக்காரர். அவர் போட்ட முடிச்சுகள் எல்லாம் மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த மீதிப் பாதி வலையை அருகில் வைத்ததும் அங்கிருந்த பெரியவர் ஒருவர் பேசாமல் வலையைச் சுருட்டி எங்களிடம் கொடுத்துவிட்டார். எந்தக் கரையில் கிடந்தது, யாருடைய வலையோடு சேர்ந்து கிடந்தது என்பதை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படித்தான் பார்க்கச் சொல்லி எழுதினேன். இந்தப் பிள்ளையின் மூன்று ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். பள்ளி நாட்களில் மாலை ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிந்திருக்கும், பிறகு டியூஷன். தேர்வு மாதங்களில் ஆள் இருக்கமாட்டாள். புயல் எச்சரிக்கை வந்து மின்சாரம் நின்ற நாட்களில் தோட்டம் வாடியிருக்கும். விலை குறைந்த நேரத்தில் தெரியாமல் சோளத்தை விற்று நஷ்டப்பட்டிருப்பாள். எந்த இயந்திரமும் இப்படி விளையாடாது என்று எழுதி, அண்ணனின் கணக்குகளைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சேர்த்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. நான் சென்னையில் அனுப்பிய அதே வரி, ஆங்கிலத்தில்.

மறுநாள் அண்ணன் தனியாக வந்தான். கடையில் ஆள் போகும்வரை காத்திருந்தான். புதிய பாலத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லாமல் இருந்து, அந்த ஏப்ரலில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. எல்லோரும் இன்னும் நின்று பார்ப்பார்கள். அவன் பார்க்கவில்லை.

"மாமா, அவள் கணக்கிலும் காசு போட்டேன்" என்றான்.

கணக்கைத் திறந்துகொடுத்தவனே அவன்தான், கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். மூன்று பாட் கணக்குகளிலும் சேர்ந்த காசைத் தங்கையின் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து வாங்குகிறவருக்கு அனுப்பியிருக்கிறான். பழைய கணக்கு, சுத்தமான கணக்கு, சந்தேகம் வராது என்று அந்த நண்பன் சொல்லியிருக்கிறான். பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் காசு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அப்படியே வெளியே போயிருக்கிறது. தங்கை அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வைஃபையும் பழைய போனும் தான் காரணம் என்று நான் பிடித்த பிடி தவறு. அவர்கள் பார்த்தது காசின் நடமாட்டத்தை. எவர்குவெஸ்ட் 2 விளையாட்டின் பதிவுகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2009, 2010 வாக்கில் செய்த ஆய்வுகளில் இது விரிவாக வந்திருக்கிறது. தங்கம் விற்பவர்களின் கூட்டத்தில் சேர்ப்பவர் ஒருவர், இடையில் வைத்திருப்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கலை வரைந்து, நிஜ உலகின் போதைப்பொருள் கடத்தல் கும்பல் ஒன்றின் வரைபடத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே சாயலில் இருந்தன. ஈடாக எதுவும் வாங்காமல் காசு ஒரே திசையில் நகர்வதுதான் முக்கிய அடையாளம். அந்த வரைபடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை நடுப்புள்ளியாக நின்றிருக்கிறாள். எந்தக் கண் பார்த்தாலும் அவள்தான் காசாளர் என்று சொல்லும்.

ஆனால் ஈடில்லாத கொடுக்கல் எல்லாம் குற்றம் என்று எடுத்துக்கொண்டால் என்னாகும் என்பதையும் இந்த உலகம் பார்த்திருக்கிறது. 2007 டிசம்பரில் ரூன்ஸ்கேப், தங்க வியாபாரத்தை ஒழிக்க, சம மதிப்பில்லாத பரிமாற்றங்களுக்கே கட்டுப்பாடு போட்டது. நண்பனுக்கு விலையுயர்ந்த ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்கக்கூட முடியாமல் போனது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் போராடிப்பார்த்து, ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் பழையபடி திறந்துவிட்டார்கள். அண்ணன் தங்கைக்குக் கொடுப்பதில் தவறில்லை. வந்த காசு ஒரு மணி நேரத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் போனதுதான் தவறு. அதைச் செய்த கை அவளுடையது இல்லை.

இரண்டாம் முறையாக எழுதினோம். இந்த முறை அண்ணனே எழுதினான், நான் மொழிபெயர்த்தேன். எந்தெந்தத் தேதியில், எந்தக் கருவியிலிருந்து, எத்தனை மணிக்குத் தங்கையின் கணக்கில் நுழைந்தான் என்பதை நினைவிருந்த அளவுக்கு வரிசையாக எழுதினான். அந்தப் பதினொரு முறையும் அந்தக் கணக்கு வழக்கமான போனிலிருந்து திறக்கப்படவில்லை, பாட் ஓடிய போனிலிருந்து திறக்கப்பட்டது. அது அவர்களிடம் பதிவாகியிருக்கும். அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள் என்று கேட்டோம்.

இருபத்து மூன்று நாட்கள் கழித்துப் பதில் வந்தது. அதை இங்கே தமிழில் தருகிறேன்: உங்கள் கணக்கு மற்றொரு கணக்கின் காசை இடம்மாற்றப் பயன்பட்டிருக்கிறது, உங்கள் சொந்த ஆட்டத்தில் விதிமீறல் காணப்படவில்லை, கணக்கு திருப்பித் தரப்படுகிறது, மூன்று மாதம் பரிமாற்றம் செய்ய முடியாது.

அந்த நடு வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம். காரணம் சொன்னால் பாட் எழுதுகிறவர்கள் தப்பிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று சென்னையில் எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். எந்தத் தட்டின் எந்த இடைவெளியில் மாட்டினான் என்று சொன்னால் கற்றுக்கொள்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நீ பாட் வைத்தாய்" என்பதற்கும் "உன் கணக்கு வழியாகக் காசு போனது" என்பதற்கும் வித்தியாசம் சொன்னால் எந்த ரகசியமும் வெளியேறிவிடாது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் வீட்டில் உண்மை அன்றே வெளிவந்திருக்கும். ஒரு பிள்ளை ஒரு மாதம் தன் மேல் என்ன குற்றம் என்றே தெரியாமல் இருந்திருக்க வேண்டியதில்லை. இணைத்துப் பார்ப்பது சரி, தேவை. இணைந்த ஒவ்வொரு கணக்கையும் அதன் சொந்தக் கையெழுத்தை வைத்துத் தனியாகப் படித்துவிட்டு மூடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்கான பதிவுகள் எல்லாம் அவர்களிடமே இருக்கின்றன.

ஜூன் 14 இரவு துறைமுகம் விழித்திருந்தது. ஐஸ் உடைக்கும் சத்தமும் டீசல் வாசமும் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஊருக்குள் வந்தன. கடலுக்குக் கிளம்புமுன் அண்ணன் கடைக்கு வந்து, மூன்று பழைய போன்களையும் மேசையில் வைத்து, "விற்றுவிடுங்கள் மாமா" என்றான். தங்கையும் கூட வந்திருந்தாள். அவர்கள் எதிரிலேயே மூன்றையும் முழுவதுமாக அழித்தேன்.

தங்கை என் நாற்காலியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினாள். எழுத்துகளைத் தட்டும்போது, நாங்கள் இருவரும் பார்க்க முடியாதபடி போனைத் திருப்பி வைத்துக்கொண்டாள். பிறகு தோட்டத்தைத் திறந்தாள். ஒரு மாதம் தண்ணீர் இல்லாமல் எல்லாப் பாத்தியும் பழுத்துக் கிடந்தது. காய்ந்த செடிகளை ஒன்றொன்றாகத் தொட்டுப் பிடுங்கத் தொடங்கினாள். அண்ணன் சிறிது நேரம் பின்னால் நின்று பார்த்தான். "கத்தரியை விட்டு வை, அது துளிர்க்கும்" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கத்தரியை விட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.